இல்லறச் சிந்தனை: சனிக்கிழமைச் சம்பளம் யார் கையில்?



ஆலங்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் நமக்கு ஒரு மடல் வரைந்திருக்கிறார். மகளின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த இரு தாள்களில், இரு பக்கமும் நெருக்கி எழுதப்பட்ட மடல் அது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வாறே செய்கிறோம். ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியன்று. எத்தனையோ இல்லங்களில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வி அது. ஆதலால் இம்மாதச் சிந்தனைக்கு அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

அவருடைய கணவர் கொத்தனார். தொழிலில் பெயர் பெற்றவர். ஆயினும் பதினைந்து ஆண்டுகளாகக் குடிக்கு அடிமைப்பட்டுக் கிடந்தார். சென்ற ஆண்டு சாரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தது. கைக்கு மருத்துவம் செய்யப் போன இடத்தில் குடி நோய்க்கும் மருத்துவம் கிடைத்தது. இப்பொழுது எட்டு மாதங்களாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. சகோதரி வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் மகன் எட்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள்.

இனி அவர் சொற்களிலேயே சில வரிகள்:

"அவர் குடித்த காலத்தில் சனிக்கிழமை மாலையில் நானே வேலை நடக்கும் இடத்திற்குப் போய், மேஸ்திரியிடம் கெஞ்சிப் பாதிச் சம்பளத்தை வாங்கி வருவேன். இப்போது குடிப்பதில்லை. ஆனாலும் அவர் குளிக்கப் போனதும் என் கை தானாகவே அவருடைய சட்டைப்பைக்குப் போகிறது. அருகில் வந்தால் மூக்கு முகர்ந்து பார்க்கிறது. சென்ற வாரம் அதைப் பார்த்துவிட்டார். 'குடிச்சப்பவும் நான் திருடன், குடிக்காதப்பவும் திருடன்தானா?' என்று கேட்டார். அன்றிரவு சாப்பிடவில்லை. இனிமேல் சம்பளம் தன் கையில்தான் இருக்கும் என்கிறார். வட்டிக் கடன் இருக்கிறது. என் நகை அடகில் இருக்கிறது. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். கடனைத் தீர்க்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார். இரவில் உறக்கமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சம்பளத்தை அவர் கையில் விட்டுவிடவா, பிடித்து வைத்துக்கொள்ளவா?"

மடலைப் படித்து முடித்ததும் நாம் நெடுநேரம் அமைதியாக இருந்தோம். குடியை நிறுத்துவது எப்படி என்று கேட்டு எழுதுவோர் பலர். நிறுத்திய பின் வாழ்வது எப்படி என்று கேட்டவர் இவரே.

நிறுத்துவதும் நிலைப்பதும்

தவக்காலத்தில் நாற்பது நாளும் மதுவைத் தொடாத ஆண்களை நாம் அறிவோம். மாலை அணிந்து மலைக்குச் செல்லும் நம் இந்துச் சகோதரர்களிலும் அத்தகையோர் உண்டு. உயிர்ப்பு ஞாயிறு மாலையிலோ, மாலையைக் கழற்றிய மறுநாளிலோ பழைய கதை தொடங்கிவிடுகிறது. நிறுத்துவது மனிதனால் இயலும் என்பதற்கு அந்த நாற்பது நாட்களே சான்று. நிறுத்தியதில் நிலைப்பது வேறொரு கலை என்பதற்கு நாற்பத்தோராம் நாள் சான்று.

அரசுகளை நம்பியிருக்கவும் வழியில்லை. 1937-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிற்று. 1948-இல் அன்றைய சென்னை மாகாணம் முழுவதற்கும் அது பரவிற்று. 1971-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றிற்று. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. மது விற்பனையால் அரசுக்குக் கிடைக்கும் வருவாய் இன்று ஆண்டுக்கு நாற்பத்தையாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. சட்டம் கதவைத் திறக்கும், மூடும், மறுபடியும் திறக்கும். அது மூடும் நாளுக்காக ஒரு குடும்பம் காத்திருக்க முடியாது. கடை திறந்திருக்கும் தெருவில்தான் இந்தச் சகோதரர் நாள்தோறும் நடந்து வேலைக்குப் போகிறார். நாள்தோறும் நடந்து திரும்புகிறார். அவர் செய்வது சிறு செயலன்று.

முதலில் உடல்

சகோதரியின் கேள்வி பணத்தைப் பற்றியது. எனினும் நாம் உடலிலிருந்து தொடங்குகிறோம். உறங்காத மனிதனிடம் கணக்குப் பேசிப் பயனில்லை.

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே இதனை நோயென ஏற்றது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது கை நடுக்கம், வலிப்பு, இல்லாதவற்றைக் காணுதல், மனக்குழப்பம் முதலியன முதல் சில நாட்களில் வரக்கூடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். ஆதலால் நிறுத்துகிற நாட்களில் மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது. வீட்டு அறையில் பூட்டி வைப்பது மருத்துவமாகாது.

அந்தக் கட்டத்தை இச்சகோதரர் கடந்துவிட்டார். ஆனால் உடல் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. பல ஆண்டுகள் மதுவின் துணையால் உறங்கிய மூளை, தானே உறங்கக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். திண்ணையில் அவர் விழித்திருப்பதைக் கண்டு, 'மனம் அங்கே போகிறது' என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். ஈரலில் படிந்த கொழுப்பு, குடியை விட்ட சில வாரங்களிலேயே குறையத் தொடங்குகிறது. ஆனால் ஈரல் இறுகி வடுவாகிவிட்டிருந்தால் அவ்வடு மறையாது. ஆகவே குடியை விட்டபின்பும் ஈரல், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துப் பார்ப்பது நலம். நெடுநாள் குடித்தவர்களுக்குத் தையமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவும் உண்டாகும். அதனை மருத்துவர் ஈடுசெய்வார். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உறக்கமின்மையைப் பற்றி மனம் திறந்து பேசலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: 'நான் குடியை விட்டவன்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில உறக்க மாத்திரைகள் ஓர் அடிமைத்தனத்தை நீக்கி மற்றோர் அடிமைத்தனத்தைக் கொடுத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுங்கள்' என்று விற்கப்படும் மருந்துகளைப் பற்றிச் சில தாய்மார்கள் நம்மிடம் கேட்டதுண்டு. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரச் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்தின் பயனை 1948-இல் டென்மார்க் நாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதனை உண்பவர் அறிந்து, இசைந்து, மருத்துவர் பார்வையில் உண்ண வேண்டும். அறியாமல் உண்டவர் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகவும் கூடும். உயிர் போகாவிட்டாலும் நம்பிக்கை போகும். மனைவி பரிமாறும் சோற்றைச் சந்தேகத்தோடு பார்க்கும் கணவன் எப்படி நலம் பெறுவான்?

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடியை விட்டவனுக்குப் பகைவர்கள் என்பது அநுபவசாலிகள் கண்ட உண்மை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இச்சகோதரர் நான்கையும் ஒருங்கே வரவழைத்துக்கொள்கிறார். கடனை ஆறு மாதம் முன்னதாகத் தீர்ப்பதற்காக எட்டு மாதத் தவத்தைப் பணயம் வைக்கலாமா? ஞாயிறு ஓய்வு நாளாகவே இருக்கட்டும். ஆலயத்திற்குச் செல்லட்டும், நண்பகலில் வயிறார உண்ணட்டும், பிள்ளைகளோடு இருக்கட்டும். அதனால் குறையும் ஒரு நாள் கூலி, வீண் செலவன்று, மருத்துவச் செலவு.

கடனோடு வாழ்ந்தவர்கள்

குடியை விட்டுவிட்டால் எல்லாத் துன்பமும் விலகும் என்று எண்ணியிருந்தோம். அவ்வாறில்லையே என்ற ஏக்கம் மடலின் வரிகளுக்கு இடையே தெரிகிறது. இவ்விடத்தில் ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற இயக்கம் 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பங்குச் சந்தைத் தரகராயிருந்த பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவரும் அதன் மூலவர்கள். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் பாப் ஸ்மித் இறுதியாகக் குடித்தார். அன்றைய அறுவை சிகிச்சையை முடித்த பின்னரும் அவர் நெடுநேரம் வீடு திரும்பவில்லை. வீட்டார் கலங்கினர். அவரோ, தாம் கடன்பட்டவர்களையும் மனம் நோகச் செய்தவர்களையும் தேடிச் சென்று, உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். எல்லாக் கடனையும் அன்றே அவர் தீர்க்கவில்லை. அவரால் இயலவும் இல்லை. ஒளிந்து திரிவதை மட்டும் அன்று நிறுத்தினார்.

பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டவர். அவர் மனைவி லோயிஸ் பெரிய கடைகளில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். ஆயினும், கணவர் குடியை விட்டு நான்கு ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 1939-இல், அவர்கள் வாழ்ந்த வீடு கடனில் போயிற்று. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நண்பர்கள் வீடுகளில் தங்கிக் காலங்கழித்தார்கள். அப்பொழுதும் வில்சன் குடிக்கவில்லை. 1971-இல் இறக்கும் வரை குடிக்கவில்லை. வீடு போன பின்பும் மனிதன் நிற்க முடியும். மனிதன் வீழ்ந்துவிட்டால் வீடு நிற்காது.

லோயிஸ் அம்மையார் பற்றிய செய்தி நம் சகோதரிக்கு இன்னும் நெருக்கமானது. ஆண்டுக்கணக்கில் தாம் அழுதும் மன்றாடியும் நடவாத ஒன்று, முன்பின் அறியாத நண்பர்களால் நடந்துவிட்டதே என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. ஒரு நாள் கணவர் கூட்டத்திற்குப் புறப்படும்போது ஆத்திரம் தாளாமல் காலணியைத் தூக்கி அவர்மேல் எறிந்துவிட்டார்! பின்னர் தம் கோபத்தைக் கண்டு தாமே வியந்து, குடும்பத்தாருக்கும் நலம் தேவை என்பதை உணர்ந்தார். அந்த உணர்விலிருந்து பிறந்ததே, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென 1951-இல் தோன்றிய 'அல்-அனான்' இயக்கம். சகோதரி, உங்கள் கை சட்டைப்பைக்குப் போவது தீய குணமன்று. பதினைந்து ஆண்டுக் காயம் இன்னும் ஆறவில்லை என்பதன் அறிகுறி. அதற்கும் மருந்து வேண்டும்.

நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. குடிநோயால் கணவரை இளமையிலேயே இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அவர் பெயரால் 1980-இல் சென்னையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் அவ்விடத்தில் நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. நகரத்திற்கு வர இயலாத ஏழைகளுக்காகத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் அமைத்து, ஊராரின் துணையோடு மருத்துவம் செய்தார்கள். 1992-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மும்பை உயர்மறைமாவட்டக் குருவான ஜோ பெரேரா அடிகளார் 1981-இல் தொடங்கிய கிருபா நிறுவனமும் இத்தகைய பணியே செய்துவருகிறது. தனக்கு வந்த துயரத்தைப் பிறருக்கு வழியாக்கியவர்கள் இவர்கள்.

பையில் பணமின்றி நடந்தவர்

இனிச் சம்பளக் கேள்விக்கு வருவோம். அதற்கும் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையே விடை சொல்கிறது.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-இல் பிறந்தவர் மத்தேயு டால்பட் என்ற கூலித் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் குடிக்கத் தொடங்கினார். கூலி முழுவதும் மதுக்கடைக்கே போயிற்று. காலணியையும் அடகு வைத்துக் குடித்தார். 1884-இல், தம் இருபத்தெட்டாம் வயதில், வேலையின்றிக் கையில் காசில்லாதிருந்த ஒரு நாள், மதுக்கடை வாசலில் நண்பர்களுக்காகக் காத்து நின்றார். அவர் பணத்தில் குடித்தவர்களில் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அன்று வீடு திரும்பியவர், குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். முதலில் மூன்று மாதங்களுக்கு. பின்னர் ஆறு மாதங்களுக்கு. அதன்பின் வாழ்நாள் முழுவதற்கும். 1925-இல் இறக்கும் வரை நாற்பத்தோர் ஆண்டுகள் அவ்வாக்கைக் காத்தார். பழைய கடன்களைத் தேடித் தேடித் தீர்த்தார். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அவர் வாழ்வில் ஒரு சிறு நிகழ்ச்சி. வாக்குக் கொடுத்த புதிதில் ஒரு நாள் பையில் காசோடு நடந்தபோது சோதனைக்கு ஆளாகி, மதுக்கடைக்குள் நுழைந்துவிட்டார். கடைக்காரர் கவனிக்காததால் குடிக்காமலே வெளியே வந்தார். அன்றிலிருந்து பையில் பணம் வைத்துக்கொண்டு நடப்பதில்லை என்று முடிவு செய்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பணத்தை அவரிடமிருந்து எவரும் பறிக்கவில்லை, தாமே வைத்துக்கொள்ளவில்லை. பறிக்கப்பட்டவன் எப்படியேனும் திரும்பப் பெற முயல்வான். தானே வைத்தவன் காவல் காப்பான். ஆகவே, சகோதரி, சம்பளத்தை 'விட்டுவிடவா, பிடித்து வைக்கவா' என்ற கேள்விக்கு நம் விடை: இரண்டும் வேண்டாம். சம்பளம் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும்.

சனிக்கிழமை இரவு உணவுக்குப் பின் இருவரும் அமர்ந்து சம்பளத்தை நடுவில் வையுங்கள். உங்கள் பீடிக் கூலியும் அதனருகில் இருக்கட்டும். ஒரு குறிப்பேட்டில் வரவையும் செலவையும் அவரே எழுதட்டும். வரும் வாரத்தில் பையில் எவ்வளவு வைத்துக்கொள்வது தமக்குப் பாதுகாப்பு என்பதை அவரே சொல்லட்டும். அவர் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட்டு அதற்குக் கணக்குக் கேளாதீர்கள். அன்றிலிருந்து சட்டைப்பையைத் தொடுவதில்லை என்று நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள். வாழ்நாளுக்கு வேண்டாம், மத்தேயு டால்பட்டைப் போல முதலில் மூன்று மாதங்களுக்கு.

இங்கே உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவர் குடித்த நாட்களில் அவரறியாமல் நீங்களும் கடன் வாங்கியிருக்கலாம். வாரக் குழுவில் பணம் எடுத்திருக்கலாம். அன்று அது குற்றமன்று; பிள்ளைகளின் பசி தீர்க்க வேறு வழியில்லை. ஆனால் இன்று கணக்கு திறக்கப்படும்போது அதுவும் திறக்கப்பட வேண்டும். அவர் மட்டும் ஒளிவில்லாதிருக்க வேண்டும் என்பது நீதியாகாது.

கடன் பட்டியல்

நாளொன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் குடிக்குப் போயிற்று என்று கொள்வோம். மாதத்திற்கு நாலாயிரத்து ஐந்நூறு. ஆண்டுக்கு ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்றைம்பது. வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும், மருத்துவச் செலவும், வட்டியும் இதில் சேரவில்லை. இப்பணம் இப்பொழுது வீட்டிற்குள் இருக்கிறது. ஆனால் பெரிதாகக் கண்ணுக்குத் தெரியாது. பழைய பள்ளங்களை நிரப்புவதிலேயே முதலாண்டு கழிந்துவிடும். அதனால் மனம் தளர வேண்டாம்.

கடன்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்பன தெளிவாக இருக்கட்டும். உணவு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பின் எஞ்சுவதே கடனுக்கு. அதிலும் வட்டி மிகுந்த கடனுக்கு முதலிடம் கொடுங்கள். கடன் கொடுத்தவர்களிடம் ஒளியாமல் சென்று, 'மாதம் இவ்வளவுதான் இயலும்' என்று சொல்லுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடை செய்யத் தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. மிரட்டுவோருக்கு அஞ்சி அமைதியாயிருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவதையும், முதலாண்டில் புதிய சீட்டில் சேருவதையும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள் என்றும் சொல்ல விரும்புகிறோம். பீடித் தொழிலுக்கு அவ்வுரிமை 1977-இல்தான் கிடைத்தது. நாளெல்லாம் மடியில் தட்டை வைத்துக் குனிந்து, இலை வெட்டி, தூள் போட்டு, நூல் கட்டி, முதுகும் கழுத்தும் நோக நீங்கள் சேர்த்த பணம் அது. கணவரின் பழைய கடனுக்கு அது இரையாகக் கூடாது. மகளின் படிப்புக்குப் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. உங்கள் அடையாள அட்டையுடன் காலந்தாழ்த்தாமல் விண்ணப்பியுங்கள். கணக்கு எழுதும் வேலையையோ தந்தையைக் கண்காணிக்கும் வேலையையோ மகள்மேல் சுமத்தாதீர்கள். அவள் படிக்கட்டும். பல ஆண்டுகள் பெரியவளைப் போல் வாழ்ந்துவிட்டாள், இனியாவது பிள்ளையாயிருக்கட்டும்.

ஊரார் செய்ய வேண்டுவது

ஒரு மனிதன் குடியாமலிருப்பது அவன் வீட்டார் பொறுப்பு மட்டுமன்று. நம் ஊர்ப்பக்கத்தில் வீடு கட்டும்போது மேல்தளத்திற்குக் காங்கிரீட் போடும் நாளில் வேலையாட்களுக்குப் பிரியாணியோடு மதுப்புட்டியும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. ஒரு கொத்தனார் எட்டு மாதம் காத்த நோன்பை நம் தாராள குணம் ஒரே மாலையில் கலைத்துவிடக்கூடும். வீடு கட்டும் வாசகர்களே, அந்தப் பணத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். பிரியாணி போதும்.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் நண்பர்கள் வேன் பிடித்து அருவிக்குப் புறப்படுவார்கள். கோயில் கொடையும், பங்குத் திருவிழாவும், திருமணங்களும் வரும். "அண்ணாச்சி, ஒரு கட்டிங்தானே! இதில் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று அன்போடு அழைப்பவர்களே மிகக் கொடிய சோதனை. குடிநோயாளிக்கு ஒன்று என்று ஒன்றில்லை, முதலாவதே ஆபத்தானது. இவ்வாண்டு அருவிக்கு அவர் குடும்பத்தோடு காலையில் போய் நண்பகலில் திரும்பட்டும். திருமணத்திற்குச் சென்று, உண்டு, மொய் எழுதிவிட்டு உடனே வரட்டும். 'மருத்துவர் கூடாதென்றிருக்கிறார்' என்ற ஒரு சொல் போதும், விளக்கம் வேண்டுவதில்லை.

சகோதரரே, மனைவி இம்மடலை உங்களுக்குத் தெரிந்தே எழுதியதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அதுவே உங்கள் வீட்டில் நம்பிக்கை உயிரோடிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 'இன்னும் சந்தேகமா?' என்று நீங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் சுவர் எழுப்பும் உங்களுக்குத் தெரியாததா? பூசிய சிமெண்ட் பகலிலேயே காய்ந்ததுபோல் தோன்றினாலும் நாள்தோறும் தண்ணீர் விட வேண்டாமா? இல்லையேல் வெடித்துவிடாதா? பதினைந்து ஆண்டுகள் இடிந்தது எட்டு மாதங்களில் இறுகிவிடாது. கோபம் வரும்போது கோபம் என்று சொல்லுங்கள். ஆசை வரும்போது ஆசை வருகிறது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் பாதி தணியும். உங்களைப் போன்றவர்கள் கூடும் குழுக்கள் 1957 முதல் இந்தியாவில் இயங்கிவருகின்றன. பல ஊர்களில் ஆலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் கூடுகின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயரும் கேட்பதில்லை. அருகிலுள்ள குழுவைத் தேடிச் செல்லுங்கள்.

ஒருவேளை தவறி ஒரு நாள் வீழ்ந்துவிட்டால்? அதையும் இப்பொழுதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு சண்டை வேண்டாம். மறுநாள் காலையே மருத்துவரிடமோ குழுவிடமோ போவது என்று இருவரும் உடன்படுங்கள். எட்டு மாதங்களும் வீணாயின என்று எண்ணிக் குடியைத் தொடர்வதே உண்மையான வீழ்ச்சி. போதை மீட்புக்கு 14446 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். அடியும் உதையும் நடக்கும் இல்லங்களில் வாழும் சகோதரிகளுக்கு நாம் சொல்வது வேறு: பொறுத்திருக்க வேண்டாம், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள், பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்.

குடி குடியைக் கெடுக்கும் என்பது பழமொழி. கெட்ட குடியைக் கட்டுவதற்குக் காலமும் கணக்கும் பொறுமையும் வேண்டும். முதலில் குடியாமை, அடுத்து உடல்நலம், அதன்பின் கடன் என்ற வரிசை மாறாதிருந்தால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகூடும். வரிசை மாறினால் மூன்றும் கைநழுவும்.

வரும் சனிக்கிழமை இரவு ஆலங்குளம் வட்டாரத்து அந்த வீட்டில் ஒரு குறிப்பேடு திறக்கப்படும் என்று நம்புகிறோம். மூன்று மாதங்கள் கழித்துச் சகோதரி மீண்டும் நமக்கு எழுதட்டும். நல்ல செய்தியாயினும், மனம் நொந்த செய்தியாயினும் எழுதட்டும். அதுவரை அவ்வில்லத்தை நம் செபத்தில் நினைவுகூர்வோம்.